‘ம்’ என்றால் தொடங்கு

மகனே, இதை யாருக்கும் காட்டாதே. கெஞ்சிக் கேட்கிறேன். உன் அப்பா யாராக இருப்பார் என்று எனக்கு இன்னும் தெரியாது, அவருக்கும் காட்டாதே. உன் தாத்தா அப்போது இருந்தால் அவருக்குக் கட்டாயம் காட்டாதே. படித்து முடித்ததும் கிழித்துவிடு. காகிதத்தைக் கிழித்தால் அது கிழிந்துபோகும். அதற்காகத்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

எனக்குப் பதினைந்து வயது. நீ இன்னும் பிறக்கவில்லை. பிறக்காதவனுக்குக் கடிதம் எழுதும் யோசனை என்னுடையது இல்லை, எங்கள் ஆங்கில மிஸ் கொடுத்த வீட்டுப்பாடம். ‘வளர்ந்துவிட்ட உன் பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுது.’ பிரௌசரில், வகுப்பு முழுவதற்கும் பொதுவான ஒரு ஃபைலில், ஆளுக்கு ஒரு பக்கம். இன்று சாயங்காலம் அதில் நேர்மை, உழைப்பு, பெரியவர்களை மதித்தல் என்று ஒரு பக்கத்தை நிரப்பினேன். நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் உண்மையாக வந்துவிட்டது: ‘என் அப்பா என்னைப் பொய் எழுதச் சொல்கிறார்.’ உடனே அழித்தேன். அழித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்த ஃபைலில் எதுவும் அழியாது. எந்த நிமிடம் எதை அடித்தோம், எந்த நிமிடம் எதைத் துடைத்தோம் என்று எல்லாம் உள்ளே கிடக்கும். மிஸ் ஒரு கிளிக் செய்தால் போதும். இந்த ஒரு விஷயம் மற்ற யாரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஏன் என்று சொல்கிறேன்.

ரஃப் நோட்டின் பின்பக்கங்களில் தமிழில் எழுதுகிறேன். இந்த ஹைதராபாத்தில் என் வகுப்பில் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. எனக்கே ஞாயிறு பள்ளியில் கற்ற தமிழ்தான். ‘மகளே’ என்று தொடங்கத்தான் நினைத்தேன். மகள் என்றால் அவளும் என்னைப்போல் ஒருநாள் கதவைப் பூட்டிக்கொண்டு எழுத வேண்டி வருமோ என்று பயமாக இருந்தது. அதனால் மகன். நீ முதல் நாள் வேலைக்குப் போகிற காலையில் இதை உன் கையில் கொடுப்பேன். இன்று எனக்கு இருக்கும் கோபம் அன்றைக்கு ஆறியிருக்கலாம். ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

‘உன் தாத்தா’ என்று எழுதினால் உனக்கு நரைத்த தலை ஞாபகம் வரும். அவருக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. நாங்கள் இருக்கும் மல்காஜ்கிரியிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போகிறார். ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டிலும் சக்கர நாற்காலியும் விற்கிற ஒரு கம்பெனியில் ஆபீஸ் உதவியாளர். கடிதம், டெண்டர், எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த வண்டியில் என்றைக்குக் கட்டில் போகிறது என்கிற அட்டவணை எல்லாம் அவர் கையில்தான். போன வருடம் வரை கம்ப்யூட்டருக்குள்ளேயே குடியிருக்கும் பழைய மென்பொருளில் அவற்றைச் செய்தார். அதில் அவர் ராஜா. நான் சும்மா சொல்லவில்லை, நேரில் பார்த்திருக்கிறேன். ஒரே கடிதத்தை நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகளுக்கு அவரவர் பெயர் போட்டு ஒரே அழுத்தலில் வரவழைப்பார். பக்கத்து மேசைக்காரர்கள், “சாமுவேல் காரு, இந்த கோடு நகர மாட்டேங்குது அண்டி” என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். அவர் எழுந்துகூடப் போக மாட்டார், இருந்த இடத்திலிருந்தே எந்த பட்டன் என்று சொல்வார். எங்கள் சபையின் ஆராதனை முறைமையை வாராவாரம் தமிழில் அடித்துக் கொடுப்பதும் அவர்தான். இரண்டு வரி அடித்தால் இடது சுண்டுவிரல் தானாகப் போய் சேவ் செய்யும். அதையும் ஒரு தடவை அழுத்த மாட்டார், டக்டக் என்று இரண்டு தடவை. சாப்பிடும்போதுகூட மேசை விளிம்பில் அந்த விரல் டக்டக் என்று அடித்துக்கொண்டிருக்கும். அம்மா, “சோத்த சேவ் பண்ணியாச்சு, சாப்பிடுங்க” என்பாள்.

அந்த மென்பொருளை எல்லா மேசைகளிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். இனி எல்லாம் பிரௌசரில்தான், எல்லோரும் ஒரே ஃபைலில், வண்டிக்காரர் வழியில் நின்று போனிலும் பார்க்கலாம் என்றார்கள். பழக்கிக் கொடுக்க நிவேதா என்று ஓர் அக்கா வந்தார். கோயம்புத்தூர்க்காரர், இங்கே ஐடி வேலைக்கு வந்தவர். “ரொம்ப ஈஸிங்க சார், ரெண்டே நாளுங்க” என்றாராம். எல்லாவற்றுக்கும் அப்பா தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். லேப்டாப்பைத் திறந்து பத்து நிமிடம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“ஏட்டி, இதுல சேவ் எங்க இருக்கு?”

நான் சிரித்தேன். “சேவே கிடையாதுப்பா. அதுவா சேவ் ஆகிக்கிடும்.”

“அதுவா எப்படி ஆகும்? நான் சொல்லாம எப்படி ஆகும்?”

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இருபது வருடமாக அவர் சொன்னால்தான் எதுவும் சேவ் ஆனது. தப்பாக அடித்தால் சேவ் செய்யாமல் மூடிவிடுவார். தப்பு நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். இப்போது அவர் சொல்லாமலே எல்லாம் பதிவாகிறது, தப்பும் சேர்ந்து. அது எவ்வளவு பயமாக இருந்திருக்கும் என்று இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபை வளாகத்தில் பிரியாணி சாப்பிட்டபோது, சித்தப்பா வீட்டார், பாஸ்டர் எல்லோருக்கும் முன்னால் அதை நடித்துக் காட்டினேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, விரலால் காற்றைத் தடவி, “ஏட்டி, சேவ் எங்க இருக்கு?” அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சித்தப்பா, “அண்ணன் சர்ச்சுல போயி தேடுதாரு, அங்கதான் சேவ் பண்ணுவாங்க” என்றார், ரட்சிப்பைச் சொல்லி. இன்னும் பெரிய சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். இது என் தப்பு, மகனே. இந்தக் கடிதத்தில் இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் நானும் அவரைப்போல்தான். அன்றைக்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. கேட்பதை விட்டுவிட்டார். செய்யச் சொல்ல ஆரம்பித்தார்.

முதலில் ஒரு நாளைக்கு மட்டும் என்றார். காணிக்கைக் கவரின் பின்னால் பாஸ்வேர்டு எழுதிக் கொடுத்தார். நான் மூன்றரைக்குப் பள்ளியிலிருந்து வருவேன். அம்மா ஒரு கிளினிக்கில் நர்ஸ், வர ஆறரை ஆகும். இடையில் வீட்டில் நான் மட்டும். புது மென்பொருளில் ஒரு வசதி உண்டு. ஒரே ஃபைலை இரண்டு இடத்தில் திறக்கலாம். ஓர் இடத்தில் அடிப்பது அடுத்த நொடியில் மற்ற இடத்தில் தெரியும். அதனால் அப்பா ஆபீஸில் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு விரல்களைக் கீபோர்டு மேல் சும்மா ஆட்டுவார். மல்காஜ்கிரியில் உட்கார்ந்து நான் அடிப்பேன். அவர் திரையில் எழுத்து ஓடும். பார்க்கிறவர்களுக்கு அவர் அடிப்பதுபோல் இருக்கும். பழைய மென்பொருளில் இந்த ஏமாற்று வேலை நடக்கவே நடக்காது. அவரைத் தோற்கடித்த அதே வசதிக்குள் போய் ஒளிந்துகொண்டார், என்னையும் இழுத்துக்கொண்டு.

எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதற்கு ஓர் அடையாளம் வைத்தோம். இந்த ஊர் உருதில் ஆமாம், வேண்டாம் என்பதற்குச் சொல்லும் ‘ஹவ்’, ‘நக்கோ’ என்று வைக்கலாம் என்றேன். “கிறுக்கி, அது ஹைதராபாத்துல நாய்க்கும் தெரியும்” என்றார். அதனால் தமிழ். ஆபீஸில் மற்ற எல்லோரும் தெலுங்கும் உருதும் பேசுகிறவர்கள். அட்டவணையின் கடைசி மூலையில் உள்ள கட்டத்தில் அவர் ‘ம்’ என்று அடிப்பார். ‘ம்’ என்றால் தொடங்கு. ‘ம்ஹும்’ என்று அடித்தால் நிறுத்து. சம்மதிப்பதும் மறுப்பதும் எங்கள் வீட்டில் இந்த இரண்டு சத்தம்தான். வேலை முடிந்ததும் அந்தக் கட்டத்தைத் துடைத்துவிடுவார். துடைத்தால் போய்விடும் என்று அவர் நம்பினார். போகாது என்று எனக்குத் தெரியும். யார் தோண்டப் போகிறார்கள் என்று நினைத்து அவரிடம் சொல்லவில்லை. இது இரண்டாவது தப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு அது பிடித்திருந்தது. சாயங்காலம் வந்து, “இன்னைக்கு நம்ம வேகத்தப் பாத்து மேனேஜர் அப்படியே நின்னுட்டாரு” என்பார். நம்ம வேகம். எனக்குப் பெருமையாக இருக்கும். இரண்டு மாதத்தில் ‘சிறந்த டிஜிட்டல் ஊழியர்’ என்று அவருக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அம்மா அதைக் கண்ணாடி போட்டு, வசன காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினாள். சித்தப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டு, வேண்டுமென்றே அதற்கு எதிரில் உட்காரவைத்தாள். “இப்ப சிரிங்க கொழுந்தனாரே” என்றாள். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அவள் சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

பிறகு பரீட்சைகள் வந்தன. “எப்பா, இந்த வாரம் நக்கோப்பா, படிக்கணும்” என்றேன். “அரை மணி நேரந்தான ஏட்டி” என்றார். அரை மணி நேரம் ஒன்றரை மணி ஆகும். கணக்கில் ஃபெயில் ஆனேன், வாழ்க்கையில் முதல் தடவையாக. சாப்பாட்டு மேசையில் அம்மா பேப்பரை விரித்து வைத்துக் கத்தினாள். “சாயங்காலம் பூரா லேப்டாப்ப வச்சு என்னத்தட்டி பாத்துட்டு இருக்க? நான் கிளினிக்குல நின்னு கால் வீங்கி வாரேன், நீ படம் பாக்கியா?” நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘அவள ஏசாத’ என்று மட்டுமாவது சொல்லியிருக்கலாம். சுண்டுவிரல் மேசையில் அடித்துக்கொண்டிருந்தது, டக்டக், டக்டக். அம்மா ஒரு வாரத்துக்கு லேப்டாப்பைத் தொடக் கூடாது என்றாள். மறுநாள் காலை செருப்பு மாட்டும்போது அப்பா என்னிடம் மெதுவாக, “மூணே முக்காலுக்கு, என்ன?” என்றார். அப்போது வந்த கோபம், மகனே, இன்னும் என் நெஞ்சில் அப்படியே நிற்கிறது. நாளைக்கு நீ யாரிடமாவது உன் வேலையைச் செய்யச் சொன்னால், அவன் உனக்காக ஏச்சு வாங்கும்போது சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்காதே. இதற்கு மேல் எனக்கு உபதேசம் தெரியாது.

இன்றைக்கு நடந்தது இதுதான். மூன்றே முக்காலுக்கு ‘ம்’ வந்தது. தொடங்கினேன். நாளைக்கு எனக்கு மறுபரீட்சை. சீக்கிரம் முடித்துவிட்டுப் படிக்க வேண்டும் என்று வேகமாக அடித்துக்கொண்டே போனேன். அங்கே அந்த நேரம் பார்த்து மேனேஜர், சிறந்த டிஜிட்டல் ஊழியரைக் காட்டுவதற்காக இரண்டு விருந்தாளிகளையும் நிவேதா அக்காவையும் அப்பா மேசைக்குக் கூட்டி வந்திருக்கிறார். கூடவே டீ வந்திருக்கிறது. மேனேஜரே எடுத்து நீட்டியதால் அப்பா எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு கையில் கப், ஒரு கையில் சாஸர். ‘ம்ஹும்’ என்று அடிக்க மூன்றாவது கை இல்லை. அவருக்குப் பின்னால் திரையில் எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. கட்டில், கட்டில், சக்கர நாற்காலி, வண்டி எண், தேதி.

“சாமுவேல் காரு, தய்யம் டைப் சேஸ்துந்தா?” என்றாராம் மேனேஜர். பேய் டைப் அடிக்கிறதா என்று. எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அப்பாவும் சிரித்திருப்பார், எனக்குத் தெரியும், அந்த பிரியாணிச் சிரிப்பு. நிவேதா அக்கா மட்டும் சிரிக்காமல் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மூலைக் கட்டத்தில் இருந்த ‘ம்’ அவர் கண்ணில் பட்டது. மற்றவர்களுக்கு அது ஏதோ பூச்சி மாதிரி ஓர் எழுத்து. அவருக்குத் தமிழ் தெரியும். அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் அடித்தார்.

வீட்டில் என் திரையில் அது முளைத்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்: ‘யாரு?’

அப்பா செத்தாலும் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்க மாட்டார். நான் அப்படி மெசேஜ் அனுப்பினால் பதிலே போட மாட்டார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், எரிச்சலில், இது என்ன விளையாட்டு என்று நினைத்து அடித்தேன்: ‘நான்தாம்ப்பா. சீக்கிரம் விடுங்க, எனக்கு டெஸ்ட் இருக்கு.’

பிறகு, ‘பாப்பா, நீங்க எத்தனாவது படிக்கறீங்க?’ என்று வந்தது.

லேப்டாப்பை அப்படியே மூடினேன். மறுபடி திறந்து நான் அடித்ததைத் துடைத்தேன். துடைத்து என்ன பயன்? எல்லாம் உள்ளே இருக்கிறது. மூன்று மாதத்து ‘ம்’ எல்லாம், ‘ம்ஹும்’ எல்லாம், நேரத்தோடு.

அப்பா ஆறு மணிக்கே வந்துவிட்டார். சட்டையை மாற்றாமல் என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டுத்தான் இதையெல்லாம் சொன்னார். மேனேஜர் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு நிவேதா அக்கா, பார்த்துச் சொல்கிறேன் சார் என்று மழுப்பியிருக்கிறார். பிறகு வராந்தாவில் அப்பாவிடம், “சார், எனக்குத் தெரியாதுன்னு சொல்லிரலாமுங்க. ஆனா நாளைக்கு அவங்களே யாரையாவது வெச்சுப் படிச்சுருவாங்க. அதுக்குள்ள நீங்களே உள்ளதச் சொல்லிருங்க சார். வேணும்னா உக்காந்து நான் சொல்லித் தர்றனுங்க” என்றாராம். ஆனால் அதற்குள் மேனேஜர் நாளை காலை பத்து மணிக்கு எழுத்தில் விளக்கம் வேண்டும் என்று சொல்லிவிட்டார். பாஸ்வேர்டை வெளியாளிடம் கொடுத்தால் வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள். சேர்ந்தபோதே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

நான் அழுதுவிட்டேன். “எப்பா, அந்த அக்கா சொல்லுத மாதிரியே சொல்லிருங்கப்பா” என்றேன்.

“நீ சின்னப் புள்ள. உன்ன ஒண்ணும் செய்ய மாட்டாங்க” என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. “அப்பாவுக்குத் தெரியாம கவர்லேருந்து பாஸ்வேர்ட எடுத்தேன், விளையாட்டுக்குச் செஞ்சேன்னு ஒரு லெட்டர் எழுதித் தா. இங்கிலீஷ்ல. நைட்டே குடு, காலைல பிரிண்ட் எடுக்க நேரமிருக்காது, கையால எழுதினதுதான் நல்லா இருக்கும்.”

“மூணு மாசமா விளையாண்டேன்னா நம்புவாங்களாப்பா?”

“நம்புவாங்க. ‘திருடினேன்’னு போடாத. ‘அனுமதியின்றி எடுத்தேன்’னு போடு. மரியாதையா இருக்கும்.”

எவ்வளவு அழகாக வார்த்தை தேடிக் கொடுக்கிறார் பார். இருபது வருடம் கடிதம் எழுதியவர் அல்லவா. மேலே ‘பொருள்’ என்று ஒரு வரி வரும், மன்னிப்பு என்ற சொல் அதில் வர வேண்டும், கீழே என் பெயர், வகுப்பு. பள்ளிப் பெயரைப் போடாதே என்றார். அந்த அக்கறை மட்டும் இருந்தது.

அந்தக் கடிதத்தை எழுதத்தான் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வரி எழுதினேன். ‘மரியாதைக்குரிய ஐயா.’ அதற்குமேல் கை போகவில்லை. எழுதினால் அவர் வேலை நிற்கும். எழுதாவிட்டால் வேலை போய்விடலாம். அம்மா ஒருத்தி சம்பளத்தில் இந்த வீடு நடக்காது. ஆனால் எழுதினால் நாளை மறுநாள் யார் அடிப்பார்கள்? அவருக்கு இன்னும் அந்தப் புது மென்பொருள் தெரியாது. மறுபடி மூன்றே முக்காலுக்கு ‘ம்’ வரும். இந்தத் தடவை திருடி என்று பெயர் வாங்கிக்கொண்டு அடிக்க வேண்டும். அம்மா அந்தக் கடிதத்தை ஒருநாள் பார்த்தால், சுவரில் இருக்கிற சான்றிதழைக் கழற்ற மாட்டாள். என்னைத்தான் கேட்பாள், ‘அப்பா பேரக் கெடுக்கப் பாத்தியாட்டி’ என்று.

ஒரு மென்பொருள் மாறியதற்காக யாரும் அவரை வேலையை விட்டு எடுக்கவில்லை, மகனே. தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் ஒரு மாதம் கேலி செய்திருப்பார்கள். அந்தக் கேலியில் முதல் ஆள் நான். அதை மறுக்கவில்லை. அதற்காக அவர் என்னை எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏசட்டும், சபையில் எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்கச் சொல்லட்டும், கேட்கிறேன். நான் செய்ததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் எழுதித் தருவேன். செய்யாததற்குத் தர மாட்டேன். நாளை மறுபரீட்சையை விட்டுவிட்டு, பள்ளிக்குப் போகாமல் அவரோடு அதே பஸ்ஸில் போய், அந்த அக்கா முன்னால், மேனேஜர் முன்னால் அப்பா பக்கத்தில் நிற்கிறேன் என்று சொல்லப் போகிறேன். அவர் வாயால் சொல்லட்டும். அவர் சொல்லி முடிக்கும்வரை நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு பயமாக இருக்கிறது என்று உனக்கு

கதவு. டக்டக். இரண்டு தட்டு. அம்மா தட்டமாட்டாள்.

“ஏட்டி, எழுதிட்டியா?”

நான் சொல்லப்போவது ம்ஹு